மூன்று வயது கூடுதல்

எனக்கு இப்போது இருபத்தொரு வயது. அரசாங்கத்தைக் கேட்டால் இருபத்து நாலு என்று சொல்லும். நடுவில் இருக்கும் அந்த மூன்று வருடத்தை நான் வாழவில்லை. எங்கள் அம்மாவும் கம்பெனி சூப்பர்வைசரும் சேர்ந்து எனக்கு எழுதிக் கொடுத்தது அது.

வேலம்பாளையத்தில் நான் படித்த பள்ளியில் கூடைப்பந்துக் கம்பம் ஒன்றுதான். எதிர்க் கம்பம் இருந்த இடத்தில் கழிப்பறை கட்டிவிட்டார்கள். முழு ஆட்டத்துக்கு வழியில்லை என்பதால்தான் நாங்கள் த்ரீ பை த்ரீ ஆடப் பழகினோம். ஒரே வளையம், பாதி மைதானம், பக்கத்துக்கு மூன்று பேர், மாற்று ஆளாக ஒருத்தி. பத்து நிமிட ஆட்டம். அதற்குள் யாராவது இருபத்தொரு புள்ளி எடுத்துவிட்டால் அத்தோடு முடிந்தது. வெளிநாட்டில் இதைத் தெருவில் ஆடுவார்களாம். எங்கள் மைதானமும் தெரு மாதிரிதான். பக்கத்து நிட்டிங் யூனிட்டிலிருந்து பறந்து வரும் பஞ்சு, வேர்வைக் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரு விதி. பயிற்சியாளர் ஓரத்தில் நின்று கத்தக் கூடாது. யார் உள்ளே, யார் வெளியே என்று ஆடுகிறவர்களே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அம்மா சொன்னதைக் கேட்டேன், பள்ளியில் டீச்சர் சொன்னதைக் கேட்டேன், லீவு விட்டால் கம்பெனியில் சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டேன். யாரும் எதுவும் சொல்லாத இடம் என்று எனக்கு இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

நாங்கள் நாலு பேர். அதில், பக்கத்து ஊரான நெருப்பெரிச்சல்காரி ஒருத்தி எனக்கு உயிர்த்தோழி. பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம் அவளுடையது. நாங்கள் நெல்லைப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், லைன் வீட்டில் ஒற்றை அறை. அதெல்லாம் எங்களுக்குள் ஒரு பொருட்டே இல்லை. அவள் பேச்சில் எல்லாருக்கும் ‘ங்க’ உண்டு, தெருநாய்க்குக்கூட மரியாதை கொடுப்பாள். எனக்கு மட்டும் கிடையாது. ‘வாடி, போடி, எருமை’ தான். பந்தை என் கைக்குத் தராமல் விட்டால் நான் அவளை அடிப்பேன், அவள் திருப்பி அடிப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் அம்மா என்னைத் தன் பனியன் கம்பெனிக்கு அழைத்துப் போனாள். அப்பா எங்களை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்ட வருடம் அது. அம்மா செக்கிங்கில் இருந்தாள். என்னைக் கைமடியாகச் சேர்த்தார்கள். டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை வாங்கி மடித்து அடுக்குகிற வேலை. ஒரு வாரம் போயிருக்கும், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது என்றார்கள். ஆடிட்காரர்கள் நேராகத் தையல் லைனுக்கு வந்து ஆளாளுக்கு வயதைக் கேட்பார்கள், ஆதாரைப் பார்ப்பார்கள். பதினெட்டுக்குக் கீழே ஒரு பிள்ளை சிக்கினாலும் ஆர்டர் போய்விடும். எனக்குப் பதினைந்து.

மற்ற கம்பெனிகளில் சின்னப் பிள்ளைகளை அன்றைக்கு லீவு போடச் சொல்வார்கள். எங்கள் சூப்பர்வைசர் பொறுப்பான மனிதர், வேலையைச் சுத்தமாகச் செய்வார். யாரிடமோ ஒரு கடிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்து, அம்மாவையும் என்னையும் ஆதார் மையத்துக்கு அனுப்பினார். என் பிறந்த தேதியில் மூன்று வருடம் பின்னால் போனார்கள். அங்கே இருந்த பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எனக்குப் பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். நான் சந்தோஷமாகத் தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

லீவு முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன். பள்ளிப் பதிவேட்டில் என் சரியான வயதுதான் இருந்தது. போட்டிகளுக்குப் பள்ளிச் சான்றிதழே போதும் என்பதால் ஆதாரை யாரும் கேட்கவில்லை. பிளஸ் டூ படிக்கும்போது மாவட்டத்தில் ஜெயித்தோம், மாநிலத்தில் ஜெயித்தோம், டெல்லிக்குப் போய் அங்கேயும் ஜெயித்தோம். கடைசி ஆட்டத்தில் இரண்டு புள்ளி வளைவுக்கு வெளியே நின்று நான் எறிந்த ஐந்தில் நாலு விழுந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சர்வதேசப் போட்டிக்கு எங்கள் நாலு பேரையும் தேர்ந்தெடுத்தார்கள். ஐரோப்பாவில் ஒரு நாடு. எங்கள் கம்பெனி அட்டைப்பெட்டிகளில் அந்த நாட்டின் பெயரை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நாங்கள் மடித்த பனியன்கள் மாதாமாதம் அங்கே போய்க்கொண்டிருந்தன.

பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று பி.டி. மிஸ் சொன்னபோதுதான் அம்மாவின் முகம் மாறியது.

ஆதாரைத் திருத்தலாம் என்று அதே மையத்துக்குப் போனோம். அதே பெண்தான் இருந்தாள். “பொறந்த தேதியை ஒருக்காத்தானுங்க மாத்த முடியும். நீங்கதான் ஏற்கெனவே மாத்தீட்டீங்களே” என்றாள். சரியாக இருந்ததைத் தப்பாக்குவதற்கு அந்த ஒரு வாய்ப்பையும் செலவழித்திருந்தோம். பிறப்புச் சான்றிதழ் வாங்கவே இல்லை. கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

இருப்பதை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கிளம்பினோம். அதற்கு முந்தின நாள் மத்தியானம் சூப்பர்வைசர் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டதை அம்மாவே பிறகு சொன்னாள். “ஏனுங்கக்கா, அங்க எது கேட்டாலும் கம்பெனி பேரை மட்டும் இழுத்துராதீங்க. ஆர்டர் போச்சுன்னா எல்லாருக்கும் போச்சுங்க, பாத்துக்கங்க” என்றாராம். மிரட்டவில்லை. கெஞ்சியிருக்கிறார். அதுதான் அம்மாவை மடக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

பாஸ்போர்ட் ஆபீசில் இருந்தவர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஏனுங்கம்மா, ஸ்கூல்ல ஒரு தேதி, ஆதார்ல ஒரு தேதி. எதுங்க சரி?” என்றார். என்னைப் பார்த்து, “இந்தியாவுக்கு ஆடப் போறியா கண்ணு?” என்று சிரித்தார். அவரே வழியும் சொன்னார். “ஆதார் தப்புன்னா, எதுக்கு மாத்துனீங்க, யாரு மாத்தச் சொன்னாங்கன்னு உள்ளது உள்ளபடி எழுதிக் குடுங்க. பொறந்த ஊர்ல சர்டிபிகேட் வாங்கீட்டு வாங்க. இன்னும் ஒன்றரை மாசம் இருக்குதில்லீங்க, நானே மேல எழுதி வாங்கித் தர்றேன்.”

அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். என் பக்கம் திரும்பவில்லை.

“ஆதார்ல உள்ளதுதான் சார் சரி” என்றாள். “பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வயசக் கொறச்சுச் சொல்லிட்டோம். படிக்காத சனம், தெரியாம செஞ்சிட்டோம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. பன்னிரண்டு விநாடிக்குள் பந்தை எறிந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆட்டத்து விதி. நான் ஒரு நாளும் தாமதித்ததில்லை. அங்கே நின்று அம்மாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்படின்னா பாப்பாவுக்கு இருவதுங்க. மேஜர். நீங்க கூட வந்திருக்கவே வேண்டியதில்லை” என்று காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். “மொதல்ல ஸ்கூல் சர்டிபிகேட்டைத் திருத்தீட்டு வாங்க.” அவர் குரலில் இருந்த ‘கண்ணு’ போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவிநாசியைத் தாண்டினோம். அப்புறம் அம்மாதான் ஆரம்பித்தாள். “என்னட்டி செய்யச் சொல்லுத? நான் ஒருத்தியா அங்க வேல பாக்கேன்? நீ பந்து எறியப் போறதுக்காவ அத்தன பேரு அடுப்புலயும் தண்ணி ஊத்தச் சொல்லுதியா?” என்றாள். அதற்குப் பதினேழு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட நேரம் இல்லாமல் வீட்டிலேயே என்னைப் பெற்றவள் அவள். தேதி என்ன, மணி என்ன, வெளியே மழை பெய்ததா இல்லையா என்பது வரை அவளுக்குத் தெரியும். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் அவளை மன்னிக்கவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஒரே அறையில் படுத்து எழுகிறோம்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாஸ்போர்ட் ஏன் வரவில்லை என்று தேர்வுக்குழுவில் கேட்டார்கள். வயது மோசடி என்று முடிவு கட்டினார்கள். இந்த விளையாட்டு உலகத்தில் இருபதைப் பதினேழாக்கி ஆடவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்கத்தான் விதியே போட்டிருக்கிறார்கள். பதினைந்தைப் பதினெட்டாக்கி வேலைக்கு அனுப்புகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? எனக்கு இரண்டு வருடம் தடை விதித்தார்கள்.

என் வயதுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் பி.டி. மிஸ். அவருக்கு மெமோ வந்தது. மைதானத்தில் வைத்தே என்னைக் கேட்டார். “மூணு வருஷமா மூஞ்சியப் பாத்து ஏமாத்தியிருக்கியே, உனக்குக் கூச்சமா இல்ல?” என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். குற்றவாளி மாதிரி நிற்பதற்கு நல்ல பழக்கம் வந்துவிட்டிருந்தது.

எனக்குப் பதில் வேறு ஒருத்திக்குப் பாஸ்போர்ட் எடுக்க நேரமில்லாமல் போனதால் மற்ற மூன்று பேரும் மாற்று ஆள் இல்லாமலே போனார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவதில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி, கடைசி நிமிடங்களை இரண்டே பேராக ஆடியிருக்கிறார்கள். நான் அதைப் பள்ளிக்குப் பக்கத்துச் செல்போன் கடையில் நின்று பார்த்தேன். ஒருத்தியும் இல்லாத அந்த வளைவோரத்தைப் பார்க்க முடியாமல் பாதியில் வந்துவிட்டேன்.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள் நெருப்பெரிச்சல்காரி என்னைத் தேடி லைன் வீட்டுக்கு வந்தாள். எனக்கென்று ஒரு சாக்லேட் பாக்கெட் கொண்டு வந்திருந்தாள். உள்ளே அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும். தோழி சுற்றி வளைக்கவில்லை.

“எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்கடி. எனக்கு உன் வாயால சொல்லு. நெசமா உனக்கு எத்தன வயசு?”

உள்ளே கத்திச் சத்தம் நின்றுவிட்டது. பதினேழு என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொன்னால் ஏன், எதற்கு, யார் என்று கேட்பாள். அவளுடைய அத்தை, சித்தி, மாமன் எல்லாருமே கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள். ஒரு வாரத்தில் ஊரெல்லாம் பரவும். அதைவிட, அம்மா பொய் சொன்னாள் என்று அம்மா காதில் விழச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இருபது” என்றேன்.

திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அங்கேயே அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் சாக்லேட் பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் பேச்சில் கேலியோ கோபமோ இல்லை. மூத்தவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவள் வீட்டில் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

“சரிங்கக்கா. நான் போய்ட்டு வர்றேனுங்க” என்றாள்.