ஒரே இடத்தில் கசிந்த சிவப்பு

பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் முப்பது வருஷம் தொழில்நுட்ப அலுவலராக இருந்தவன். எதற்கும் ஒரு செய்முறை உண்டு, வரிசையாகச் செய்தால் பதில் வரும் என்று நம்பி, அந்த நம்பிக்கையோடே ஓய்வும் பெற்றேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி, ஐப்பசி மழை. அன்று பிற்பகல் ஆய்வாளர் வருவதாக இருந்தது. சூளைக்கூடத்தின் வரைபடத்தை, தீ அபாயம் உள்ள பகுதிகளைச் சிவப்பில் காட்டி, வாசலில் மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூளையை அணைக்கச் சொல்லிவிடுவார், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆளுயரத் தாளில் அச்சிடும் பிரிண்டர் ஒன்று அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. அதை இயக்கும் மேரி, நான் பையைக் கீழே வைப்பதற்குள் ஓடி வந்தாள்.

“சார், செவப்பு கசியுது சார். படத்துல சூளைக்குப் பின்னாடி, ஒண்ணுமே இல்லாத எடத்துல.”

மழையில் தாள் ஈரம் இழுத்திருக்கும் என்றேன். உறை பிரிக்காத புதுச் சுருளை மாட்டினோம், கசிந்தது. அச்சுமுனையைச் சுத்தம் செய்தோம், மை குறைவாக விழும்படி மாற்றினோம், அப்போதும் கசிந்தது. கடைசியாகப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி அச்சிட்டோம். பழுது இயந்திரத்தில் என்றால் கறை தாளில் பழைய இடத்திலேயே விழும். படத்தில் என்றால் படத்தோடு சேர்ந்து திரும்பும். திரும்பியது. சரி, கோளாறு படத்தில்தான் என்று கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

மேரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சார், அது அஞ்சலை அக்கா ஒக்காந்திருக்கிற எடம் சார்.”

எனக்கு உடம்பு சிலிர்க்கவில்லை, கோபம்தான் வந்தது. மழைக்காலத்தில் சுடாத பச்சைப் பொம்மை காயாது என்று, பொம்மை வேலை செய்யும் பெண்கள் தங்கள் வேலைப் பலகையைச் சூளையின் பின்சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். விதிப்படி கூடாது. ஆய்வாளர் பார்த்தால் தொலைந்தோம். அதற்காகத்தான் போனேன், சத்தியமாக வேறு எதற்கும் இல்லை.

மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அஞ்சலை மட்டும் உட்கார்ந்து ஒரு குதிரைப் பொம்மையின் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்திரும்மா. பலகையை இங்க போடக்கூடாது.”

“நவுத்துனா எப்டி சார் காயும்? நீங்க வந்து ஊதிக் காய வெப்பீங்களா?”

“ஊதுறேன். மொதல்ல எழுந்திரு.”

முனகிக்கொண்டே பொம்மைத் தட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் பத்தடி வந்திருப்பாள். மழையில் ஊறியிருந்த பின்சுவர், பெரிய சத்தம்கூட இல்லாமல், அப்படியே சரிந்து உட்கார்ந்தது. அவள் பலகை செங்கல்லுக்கும் கனலுக்கும் அடியில் கிடந்து புகைந்தது. அவள் கையில் இருந்த தட்டில் ஒரு பொம்மைகூட உடையவில்லை.

ஆய்வாளர் வந்தார், சூளையை நிறுத்தினார். தை பிறந்ததும் புதுச்சுவர் கட்டி மறுபடி பற்றவைத்தோம்; ஒருவருக்கும் வேலை போகவில்லை. அதே படத்தை அதே பிரிண்டரில் எத்தனையோ முறை அச்சிட்டாயிற்று, துளிக் கசிவு இல்லை. அஞ்சலை இன்று பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள், வழியில் பார்த்தால் அதே வாய்தான்.

இதுவரைக்கும் தற்செயல் என்று நானே சொல்லிவிடுவேன். ஆனால் அன்று சாயங்காலம் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தபோது அவள் சொன்னதற்குத்தான் என்னிடம் செய்முறை இல்லை.

“தப்பு எம்மேலதான் சார். காலையில எட்டு மணிக்கே நனைஞ்சிக்கிட்டு வந்து, எழுந்திரும்மான்னு சொல்லிட்டுப் போனீங்க. நான்தான் கேக்கல.”

எட்டு மணிக்கு நான் ஒரு மணி நேர பஸ் தூரத்தில், சேத்தியாத்தோப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.