காரில் இரண்டே இருக்கை

எங்கள் பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் முதல் நட்டைக் கழற்றுவது என் கை. மூத்தவன் கை படவேண்டும் என்பது அப்பா வைத்த வழக்கம். பண்ணையாரோடு போராடி அவர் வாங்கிய மனைக்கட்டில்தான் பட்டறை நிற்கிறது.

அந்தப் பண்ணையாரின் பேரன் ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து, "தங்கையன் இருக்காரா?" என்றார். தங்கையன் என் தம்பி. கோயம்புத்தூரில் கார் வேலை கற்றவன்.

பின்சக்கர பிரேக் டிஸ்க்குகள் தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தன. முதல் நட்டை எனக்கு விட்டுவிட்டு, டிஸ்க்கையும் பிரேக் பேடையும் தம்பியே மாற்றினான். இடையில், புதுப் பேடு நுழைய இடம் விட, முன்சக்கரத்துக்குச் செய்வதுபோல் பிரேக் பிஸ்டனை நான் கிளாம்பால் அமுக்கப் போனேன்.

"விடுங்கண்ணே, பின்னாடி உள்ளது திருகினாத்தான் உள்ள போவும்."

கார்க்காரர் முன்னாலேயே சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

வேலை முடிந்தால் ஓட்டிப் பார்க்க வண்டிக்காரரோடு நான்தான் போவேன். இந்தக் காரில் இரண்டே இருக்கை.

"தங்கையன், ஏறுங்க" என்றார் கார்க்காரர்.

கார் திருவையாற்றுச் சாலையில் போனது. பிரேக் கிறீச்சிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து சத்தமில்லாமல் நின்றது. ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு சக்கர நட்டாக இறுக்கிப் பார்த்தேன்.

"ஏதாச்சும் லூசா கெடக்கா அண்ணே?" என்று தம்பி சிரித்தான்.

ஒன்றுகூட அசையவில்லை.