ஷைனியின் காட்டைப் பெருக்கியது யார்?

எங்கள் ஒற்றப்பாலம் பக்கத்தில் பொழுது விடிந்தும் ஒரு வீட்டு முற்றம் பெருக்காமல் கிடந்தால் அதற்கு இரண்டே காரணம்தான். அந்த வீட்டுப் பெண்ணுக்கு எழுந்து நடமாட முடியவில்லை, இல்லாவிட்டால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவதாகவும் ஒரு காரணம் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியவள் பக்கத்து வீட்டு ஷைனி.

ஷைனிக்கு டவுனில் பிளெக்ஸ் கடையில் வேலை. கல்யாணம், கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் செய்வாள். செத்தவர் முகத்துக்குப் பின்னால் மேகம் வைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. "நாள் பூரா அந்த மூஞ்சிகளையே பாத்துப் பாத்து, எனக்கே யாரோ மாலை போட்டுட்ட மாதிரி இருக்கு சேச்சி" என்பாள். வீட்டுக்கு வந்து அடுக்களையை ஒழித்த பிறகு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு காடு வரைவாள். நீல மரம், வெளிச்சம் விடுகிற காளான், யானை உயரத்துக்கு ஒரு பூ. எந்த ஊரிலும் இல்லாத காடு.

எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. மனுஷக் காலே படாத மாயக்காடு ஒன்று வரைந்து அனுப்பு என்று சொல்லியிருந்தார்கள். கிடைத்தால் பிளெக்ஸ் கடைக்கு ஒரு கும்பிடு. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் மேகம்தான். நாற்பதைத் தொடப் போகிறவளை இன்னொரு தடவை யார் கூப்பிடுவார்கள்? அது அவளுக்கும் தெரியும்.

கம்பெனிக்கு அனுப்பின கையோடு படத்தை எங்கள் மகளிர் குழு வாட்ஸப்பிலும் போட்டாள். கேட்கவா வேண்டும்? கூப்பிய கை, ரோஜாப்பூ, இதயம் என்று வந்து குவிந்தது. "என்ன சுத்தம், என்ன சுத்தம்" என்று அம்பிளி எழுதினாள். தபால் ஆபீஸ் ரமணி, "இங்க வீடு கட்ட இடம் கிடைக்குமா?" என்று கேட்டாள். எனக்கு எழுதப் பொறுமை கிடையாது, குரலாகவே அனுப்பினேன். "மோளே, தரையில சோத்தைக் கொட்டிச் சாப்பிடலாம்டி." மனசாரத்தான் சொன்னேன், அவ்வளவு பளிச்சென்று இருந்தது.

மறுநாளே கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. ஷைனி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டி வந்தாள்.

"வெளிச்சம் பிரமாதம்னு எழுதியிருக்காங்க சேச்சி. ஆனா இந்தக் காட்டுல யாரோ இருக்காங்களாம்."

"எங்கடி? நான் யாரையும் பாக்கலையே."

"தரையைப் பாருங்க."

பார்த்தேன். மருந்துக்கு ஒரு சருகு கிடையாது. அதைவிட மோசம், மண்ணில் அரைவட்டம் அரைவட்டமாகக் கோடு. துடைப்பம் போன தடமேதான். அவளுக்கே தெரியாமல் வரைந்திருக்கிறாள். மூன்று பலாமரம் நிற்கிற முற்றத்தைக் கல்யாணமான நாள் முதல் குனிந்து பெருக்குகிறவள் கை வேறென்ன வரையும்? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

"திங்கக்கிழமைக்குள்ள திருத்தி அனுப்பணும். ஆனா சருகு வரைஞ்சா என் கை அதை ஓரமா ஒதுக்கி வெக்குது சேச்சி. குப்பை தானா எப்படிக் கிடக்கும்னே எனக்குத் தெரியல" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் காலையில் அவள் முற்றத்தைப் பெருக்கவில்லை.

மீன்காரர் யூசுப் வண்டியை என் வாசலில் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "கார்த்தியாயனியம்மா எப்போ தவறினாங்க?"

கார்த்தியாயனியம்மா ஷைனியின் மாமியார். படியில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். பாம்புச் செவி. "நான் இங்கதான் இருக்கேன். மத்தி நல்லதா இருக்கா?" என்றார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

அதற்கடுத்த நாள் இலைமேல் இலை விழுந்தது. ஒரு பலாப்பழம் விழுந்து வெடித்து, ஈ மொய்த்தது. ஷைனி கடைக்கு லீவு போட்டுவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் பிரமோத் பஸ் ஓட்டுகிறவன், மானஸ்தன். "ஸ்டாண்டுல வீட்ல சண்டையான்னு கேக்கறாங்க. நானே பெருக்கிடறேன்" என்று துடைப்பத்தை எடுத்தான்.

"வை அதை. அவ வேலையைக் கெடுக்காதே" என்றார் கார்த்தியாயனியம்மா.

யார் சொல்கிறார் பாருங்கள். மருமகள் பெருக்கின முற்றத்தில் தப்பிப்போன ஓர் இலையைத் தேடிப் பொறுக்கி, காம்பைப் பிடித்துக் காட்டுகிற மனுஷி. என் காதாலேயே கேட்டதால்தான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுப்படம் குழுவுக்கு வந்தது. பேருக்குக்கூட ஓர் இதயம் விழவில்லை. "முந்தினதே நல்லாருந்துச்சு" என்றாள் அம்பிளி. "பாம்பு இருக்கும்போல" என்றாள் ரமணி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வருகிற லட்சுமியை யாராவது காலால் உதைப்பார்களா? சருகு நொறுங்க நொறுங்க அவள் வீட்டு முற்றத்தைத் தாண்டிப் போனேன்.

"ஏண்டி, உனக்கு மூளை கீளை கலங்கிடுச்சா? அழுகின பழம், எறும்புப் புத்து, ஒரு முழத்துக்குச் சருகு. மனுஷ வாடை பட்ட இடமா இது? கேக்க நாதியில்லாத காடு மாதிரி கிடக்கு" என்று கத்தினேன்.

ஷைனி என்னை அண்ணாந்து பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க சேச்சி."

"எதை?"

"மனுஷ வாடை இல்லைன்னு சொன்னீங்களே, அதை."

சொன்னேன். எனக்கென்ன பயம், உறைக்கிற மாதிரியே சொன்னேன். அவள் எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் நான் பார்க்கப் பார்க்கவே படத்தைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள்.

பதில் வருகிற வரைக்கும் முற்றத்தைத் தொடக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். திருத்தச் சொல்லிவிட்டால் மறுபடியும் வேண்டுமே. ஊர் பேசினதைக் காதில் வாங்காமல் நாங்கள் காத்திருந்தோம். பதில் வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். 'இப்போது இந்தக் காட்டில் யாருமில்லை. நீங்கள் ஒன்றாம் தேதி வேலையில் சேரலாம்' என்று எழுதியிருந்தார்கள். ஷைனி சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம். அந்த வேலையில் பாதி என் வாயால் வந்தது.

கார்த்தியாயனியம்மா மட்டும் அழவில்லை. எங்கள் அழுகை ஓயட்டும் என்று பொறுத்திருந்துவிட்டு, "இப்போவாவது பெருக்கலாமா?" என்று கேட்டார்.