எக்ஸார்பிட்டன்ட் எழுதிய காலம்

போன வாரம் வீட்டுவரி ரசீதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "எக்ஸார்பிட்டன்ட் சார்" என்று உதட்டைப் பிதுக்கினார். அவர் வரியைத் திட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க ரேணுகா ஞாபகம்.

அப்போது ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் கிளார்க். எங்கள் லாரி கர்நாடக எல்லை செக்போஸ்டைத் தாண்டியதும், வரி அதிகம் என்று வரி ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போடுவது கம்பெனி வழக்கம். எழுதுகிறவன் நான். கடிதத்துக்கு ஒரு எக்ஸார்பிட்டன்ட் கட்டாயம், பொங்கலுக்கு முந்திரி மாதிரி. அது எங்கிருந்து வந்த வார்த்தை என்று யோசித்ததே இல்லை. "லெட்டர்னா நம்மாளு லெட்டர்" என்பார் மேனேஜர். அந்த ஒரு பேச்சுக்காகவே தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் போவேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேணுகா புதிதாகச் சேர்ந்தவள். உத்தனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு. ஆபீஸ் டிக்ஷனரியைப் புரட்டிக்கொண்டே தயிர்சோறு சாப்பிடுவாள். ஒருநாள் மேனேஜர் முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"எக்ஸார்பிட்டன்டுக்கு வேரு லத்தீனாம்ங்க சார். வண்டிச்சக்கரம் பதிஞ்ச தடத்தை உட்டு வெளிய போறதாம். எங்கூர்ல ஏர் ஓட்டுன காட்டுக்குள்ள வண்டி எறங்குனா சண்டையே வந்துரும். அளவு மீறுன வரியும் அப்படித்தானுங்களே?"

மேனேஜர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "அடுத்த லெட்டரை நீயே எழுதும்மா. பெங்களூர் ஆபீஸுக்கு ஆள் கேக்கறாங்க, உன் பேரைச் சொல்றேன்."

ஏழு வருஷத்தில் அந்த நாற்காலி என் பக்கம் திரும்பியதில்லை.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபின் டிக்ஷனரியைத் திறந்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் மேனேஜரிடம் போய், "அந்தப் பொண்ணு கதை விட்டிருக்குது சார். நான் பாத்துட்டேன், அப்படி ஒண்ணும் போடல" என்றேன். சீனியர் சொல்கிறான் என்று அவர் நம்பிவிட்டார். பெங்களூருக்கு வேறு யாரோ போனார்கள்.

ரேணுகா ஒரே ஒரு தடவை கேட்டாள். "நெஜமா பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"சரிங்க சார்" என்று பில் புத்தகத்தை இழுத்துக்கொண்டாள்.

ஜிஎஸ்டி வந்தபின் வரிக்காக லாரிகள் எல்லையில் நிற்பதில்லை. அந்தக் கடிதங்களும் போயின. கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ரேணுகா எங்கே இருக்கிறாளோ, தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இன்றும் அந்த வார்த்தையைக் கேட்டால், அதைத் தேடிப் படித்தவன் நானாக இல்லையே என்ற பொறாமைதான் முதலில் வருகிறது. வருத்தமெல்லாம் அப்புறம்தான்.