மணல் திட்டில் நாங்கள் இரண்டு பேர்

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அணையில் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் கீழே ஆறு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. மணல் எவ்வளவு போயிற்று, கரை எங்கே அரித்தது, மீன்கள் எப்படிச் செத்தன. வருடக்கணக்காக எழுதிக் கொடுக்கிறோம். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊர் தூங்கும்போது மின்சாரத் தேவை குறைவு. அப்போதுதான் தண்ணீரை நிறுத்துவார்கள். அதனால் விடியும் முன்பே ஆற்றுக்குள் இறங்கியாக வேண்டும். இறங்கும்போது வாக்கி டாக்கியில் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடுவோம். கரையேறிவிட்டோம் என்று நாங்கள் சொல்லும்வரை ஷட்டரைத் தூக்கமாட்டார்கள். எங்கள் உயிர் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

அன்று என்னுடன் வந்தவர் மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். கல்யாணமாகி எட்டு மாதம். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அளவெடுப்பதைவிட, குட்டைகளில் மாட்டிக்கொண்ட மீன் குஞ்சுகளை வாளியில் அள்ளி ஆற்றில் விடுவதில்தான் அவருக்கு அக்கறை. "நம்மள விட்டா இதுங்களுக்கு நாதி ஏது மச்சான்?" என்பார். தங்கமான மனுஷன்.

4:20. "ரெண்டு பேர் இறங்குறோம்" என்று சொல்லிவிட்டு, அணையை ஒட்டிய மணல் திட்டில் இறங்கினோம். அவர் வாளியோடு கீழ்முனைக்குப் போனார். நான் மேல்முனையில் அளவுகோலை நட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சளி, இருமல் வேறு. வாக்கி டாக்கி என் கழுத்தில் தொங்கியது. எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

4:41. அதில் ஆபரேட்டரின் குரல் கேட்டது.

"சரிங்க... நல்லது."

நான் எதுவும் பேசவில்லையே? வேறு யாரிடமோ பேசுகிறார் போலும் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். கொர்ர்ர்... என்று இரைச்சல் மட்டும்.

அப்போது கரையில் யாரோ இருமினார்கள். லொக்... லொக்... டார்ச் அடித்தேன். எங்கள் ஜீப் நின்றது. ஆள் இல்லை.

மறுபடியும் இருமல். இப்போது ஆற்றின் நடுவிலிருந்து.

"இதோ வரேன் மச்சான்."

மாப்பிள்ளையின் குரல். நான் அவரைக் கூப்பிடவே இல்லை.

அவருடைய டார்ச் நகர்ந்தது. கரைப் பக்கம் அல்ல. ஆற்றின் நடுவில் இருக்கும் பள்ளத்தின் பக்கம்.

"மாப்பிள்ளை, நான் இங்க இருக்கேன்!" தொண்டை கிழியக் கத்தினேன்.

வெளிச்சம் நின்றது. என் பக்கம் திரும்பியது. பிறகு மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது.

"அப்ப... இங்க நிக்கிறது யாரு?"

அடுத்து அந்தச் சத்தம். ஹோ... என்று.

தண்ணீர்.

ஓடினேன். முழங்கால். இடுப்பு. காலுக்குக் கீழே தரை இல்லை. ஏதோ ஒரு வேர் கையில் சிக்கியது.

அவருடைய டார்ச் தண்ணீருக்கு அடியில் எரிந்துகொண்டே போனது.

அப்புறம் இருட்டு...

உடல் கிடைக்கவே இல்லை.

விசாரணையில் கண்ட்ரோல் ரூம் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். 4:41. முதலில் இருமல். பிறகு என் குரல்.

"நான் ஏறிட்டேன். தண்ணி விடுங்க."

"கூட வந்தவரு?" என்று ஆபரேட்டர் கேட்கிறார்.

"அவரும் ஏறிட்டாரு. கீழ யாரும் இல்ல."

"சரிங்க... நல்லது."

சத்தியமாக நான் பேசவில்லை. அந்தக் கேள்விகூட என் காதில் விழவில்லை. தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். யார் காதில் ஏறும்? என் தங்கையை வரவழைத்துக் கேட்கவைத்தார்கள். இரண்டு முறை கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க அண்ணன்தான்" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பொய் சொல்லவில்லை. எனக்கும் அது என் குரலாகத்தான் கேட்டது.