அட்டை ஏறாத மண்

போன செவ்வாய்க்கிழமை அப்புத்தளைக்குப் போயிருந்தேன். ஸ்டேஷனுக்குக் கீழே, பழைய லொறி கராஜ் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது!

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். என் பள்ளிக்கூடக் காலம் முழுவதும் அங்கே ஒரு புல்கூட முளைத்ததில்லை.

அப்போது தோட்டத்திலிருந்து தேயிலைக்குள்ளே நடந்துதான் பள்ளிக்கு வருவோம், நானும் என் கூட்டாளி செல்வராணியும். காலில் உப்பும் சவர்க்காரமும் தேய்த்திருந்தாலும் ரத்தம் உறிஞ்சும் அட்டை விடாது. கராஜுக்குள் கால் வைத்தால்தான் நிம்மதி. அங்கே அட்டை வராது! லொறிகளின் கழிவு ஒயில் ஊறி மண் கறுத்துக் கிடக்கும். மழைக் குட்டையில் வானவில் மிதக்கும். லொறியிலிருந்து கழற்றிய பழைய பட்டறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்போம். இப்போதும் எங்காவது அந்த ஒயில் வாடை அடித்தால் எனக்குப் பசிக்கிறது... சிரிக்காதீர்கள்.

கராஜை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. செல்வராணி இப்போது டவுனில் முன்பள்ளி நடத்துகிறாள். போன வருடம் வரை அது ஒரு கடையின் பின்னறையில் இருந்தது. பிள்ளைகளுக்கு ஓட இடமில்லை. கதவைத் திறந்தால் மெயின் ரோடு, பஸ். கராஜ் நிலத்தைத் தர நகர சபை சம்மதித்தது. ஆனால் முதலில் அரசாங்கச் செலவில் மண்ணைச் சுத்தம் செய்தாக வேண்டும். பணமும் ஒதுக்கியாகிவிட்டது. ஊர் வேண்டாம் என்றால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். நிலமும் கிடைக்காது.

அதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். செல்வராணி கூப்பிட்டாள் என்று நானும் போயிருந்தேன்.

"மண்ணக் கழுவக் காசா? அந்தக் காசுல ரோட்டப் போடுங்க" என்றார் ஒருவர். "மேல கொங்கிறீட்டப் போட்டு மூடிட்டா முடிஞ்சிச்சு" என்றார் இன்னொருவர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் கராஜை ஆளுக்கு ஆள் அழுக்கு என்று சொன்னது பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"அங்க உக்காந்து சோறு தின்னு வளர்ந்தவங்க நாங்க. எங்களுக்கு என்னங்க ஆச்சு? அவ்வளவு நல்ல எடம். ஒரு அட்டை ஏறாது, தெரியுமா!"

ஒரே கைதட்டல். செல்வராணி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பதுளையிலிருந்து வந்திருந்த அதிகாரி, சின்ன வயதுப் பெண், மெதுவாகக் கேட்டார்.

"அங்க மண்புழு பார்த்திருக்கீங்களா மிஸ்?"

"இல்ல."

"எறும்பு?"

யோசித்தேன். தினமும் சோறு சிந்திய இடம்... எறும்பும் வந்ததாக ஞாபகமில்லை.

"அட்டைகூட அண்டாத மண்ணுல பிள்ளைங்கள உருண்டு விளையாட விடுவீங்களா?"

கடைசியில், சுத்தம் செய்யச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்த கை என்னுடையதுதான். நம்மைத் தொந்தரவு செய்யாத இடத்தை எவ்வளவு சுலபமாக நல்ல இடம் என்று நம்பிவிடுகிறோம்!

மண்ணை அள்ளிய அன்றும் போய் நின்றேன். லொறியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். நஞ்சுதான்... தெரிகிறது. ஆனாலும் என் பள்ளிக்கூட நாட்களையே யாரோ ஏற்றிக்கொண்டு போவது போல இருந்தது. அழுதேன். அதில் என்ன வெட்கம்?

அதற்குப் பிறகு போன செவ்வாய்க்கிழமைதான் போனேன். புது மண், புதுக் கட்டடம், இரண்டு மாத மழை. பிள்ளைகள் புல்லில் உருண்டுகொண்டிருந்தார்கள். திடீரென்று செல்வராணி கத்தினாள்.

"ஏண்டி, கால்ல ரத்தம்!"

சேலையைத் தூக்கிப் பார்த்தேன். அட்டை! நன்றாகக் கொழுத்த அட்டை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தோம். பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

மண் சுத்தம் என்று அதிகாரி தந்த சான்றிதழைச் செல்வராணி சுவரில் மாட்டியிருக்கிறாள். அட்டை எனக்குத் தந்த சான்றிதழ் கணுக்காலில் இருக்கிறது... இதை எழுதும்போதும் அரிக்கிறது!