வியப்புக்குறியில் தொடங்கும் பெயர்

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் வில்லரேப் பகுதியில் என்னோடு நிலக்கீழ் அறையைப் பங்கிட்டவன் ஒரு தென்னாபிரிக்கன். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் இருவரும் பெட்டி இறக்கினோம். அங்கேதான் நெஞ்சு வலித்து விழுந்து இறந்தான். உடல் விமானத்தில் ஊர் போன பிறகு அவன் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். உடல்தான் வந்தது, தம்பி வரவில்லை என்றாள்.

அவர்கள் சூலுக்கள். இறந்தவன் விழுந்த இடத்துக்கு உறவினர் முட்கிளையோடு போய், குலப்பெயர் சொல்லி அவன் ஆவியைக் கிளையில் அழைத்து வருவார்கள். அவளுக்கு விசா கிடைக்கவில்லை. நான் அழைத்து, கிளையை அவன் அறையில் விட்டுப்போன பையோடு அனுப்ப வேண்டும். அவள் அனுப்பிய படத்தில் இருந்தது இலந்தை மாதிரி. இங்கே கிடைக்கும் எந்த முள்ளும் போதும், பெயர் மட்டும் பிழைக்கக் கூடாது என்றாள். பிழைத்தால் வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்து அங்கேயே நின்றுவிடுவானாம்.

அந்தப் பெயர் நாக்குச் சொடுக்கில் தொடங்கும். சொடுக்குகளுக்கு மொழி ஆராய்கிறவர்கள் இடும் குறிகளை அவன் பெட்டித் தூசியில் எழுதிக் காட்டியிருக்கிறான். நிமிர்ந்த ஒற்றைக் கோடு, நாம் உச்சுக் கொட்டும் ஒலி. இரட்டைக் கோடு, மாட்டை ஓட்டக் கடைவாயில் எழுப்புவது. வியப்புக்குறி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பட்டென்று இழுப்பது. அவன் பெயருக்கு வியப்புக்குறி; கடவுச்சீட்டில் அது Q. மேற்பார்வையாளர் அதைக் ‘க’ என்றே சொல்வார். அவன் திரும்பிப் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். குளிக்கும்போதும் மெத்ரோவிலும் பழகினேன். சொடுக்கு வந்தால் மீதிப் பெயர் பிந்தியது. தொலைபேசியில் சொல்லிக் காட்டினால் அக்கா ஒவ்வொரு முறையும் இல்லை என்றாள். ஒருநாள் அழுதாள். வந்துவிட்டது என்று விளங்கியது.

ரயில் பாதை வேலியோரம் ஒரு முட்கிளை வெட்டினேன். வேலை முடிந்ததும் அவன் விழுந்த இடத்தில் நின்றேன். போர்க்லிஃப்ட் ஓட்டும் யாழ்ப்பாணத்தவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெதியாக் கூப்பிடுங்கோ அண்ணை. மனேஜர் கண்டால் உங்களையும் அவனோட சேர்த்து அனுப்பிப்போடுவார்.”

பெயரைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். “வா, வீட்டை போவம்” என்று தமிழில் சேர்த்துக்கொண்டேன்.

கிளையைக் கொண்டுபோகிறவன் வழியில் யாரோடும் பேசக் கூடாது. இறந்தவனுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்குக் கட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூட்டம் ஏறியது. கைத்தடியோடு ஒரு வயதான பெண் என் பக்கத்து வெற்றிருக்கைக்கு வந்தார். எனக்கு வாய் திறக்க வழியில்லை. உட்காரக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“பார்தோன், மெசியூ.”

மன்னிக்க வேண்டும் ஐயா என்று அவர் சொன்னது என்னைப் பார்த்தல்ல, இருக்கையைப் பார்த்து. கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார்.